கீழ இருந்து மாடிக்கு ஒன்பது மணி நேரம்

போன தை மாசம் ஒரு கல்யாணம் முடிச்சுட்டு நானும் மாமாவும் ராத்திரி பத்து மணிக்கு பெரம்பூர் வந்து சேர்ந்தோம். மாமான்னா அம்மாவோட தம்பி, ஸ்டுடியோ அவரோடது, ஃபிலிம் ரோல் காலத்துல இருந்து அதே தெருவுல அதே கடை. கீழ ஸ்டுடியோ, ரெண்டாவது மாடில நான் உக்காந்து எடிட் பண்ற ரூம். கார்டுல இருக்குறத எல்லாம் கீழ இருக்குற கம்ப்யூட்டர்ல இறக்கிட்டு அங்க இருந்து நெட்வொர்க் வழியா மேல என் மெஷினுக்கு காப்பி போட்டுட்டு தூங்கப் போயிடுவோம், இதான் எங்க வழக்கம். அன்னிக்கு ரெண்டு கேமரா, ரெண்டுமே 4கே, செகண்டுக்கு 100 மெகாபிட்ல ரெக்கார்டிங், அந்தக் கணக்குல ஒரு கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி சாப்பிடும், காலைல முகூர்த்தம் சாயங்காலம் ரிசப்ஷன்னு ரெண்டு கேமராவும் ஆளுக்கு நாலு மணி நேரம் ஓடியிருக்கு, ஃபோட்டோவும் சேத்தா மொத்தம் 380 ஜிபி.

காப்பி போட்டுட்டுப் படுத்துட்டேன். பொண்ணோட அண்ணன் காலைல பத்து மணிக்குள்ள ஸ்டேட்டஸ் வைக்க ஒரு நிமிஷ டீசர் கேட்டிருந்தாரு, ஏழு மணிக்கு எந்திரிச்சு பண்ணிடலாம்னு நினைச்சேன். ஏழு மணிக்கு வந்து பாத்தா பச்சைக் கோடு முக்கால் தூரம்தான் வந்திருக்கு, பக்கத்துல ஒரு செகண்டுக்கு 11.2 மெகாபைட்னு போட்டிருக்கு. முடியும்போது மணி ஒன்பதரை. டீசர் மத்தியானம்தான் போச்சு, அந்தப் பையன் ஒன்னும் திட்டல, "பரவால்ல ப்ரோ"ன்னுதான் சொன்னாரு, ஆனா அந்த மூனு மணி நேரத்துல சொந்தக்காரங்க எடுத்த மொபைல் வீடியோ எல்லாம் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் வந்து முடிஞ்சிருச்சு. எனக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. மாமா சொன்னாரு, "மாப்ள, டிஸ்க்க கைல எடுத்துட்டுப் படியேறி இருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்டா"ன்னு. அவர் சொன்னது கணக்குப்படியும் சரிதான். ரெண்டு மாடி படியேறுறது ஒரு கேபிள விட வேகமா இருக்குன்னா அந்தக் கேபிள்ல ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் ஒரு ரெண்டு வாரம் இதையே தோண்டிட்டு இருந்தேன், அதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா எங்கள மாதிரி சின்ன ஸ்டுடியோ, டிடிபி சென்டர், ஆடிட்டர் ஆபீஸ்னு நிறைய இடத்துல இதே 11 மெகாபைட்ல வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருக்காங்க, மெஷின் பழசாயிடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு.

மொதல்ல நான் செஞ்ச தப்ப சொல்லிடுறேன். கீழ இருக்குற மெஷின்ல பழைய ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு, அதான் காரணம்னு முடிவு பண்ணி மறுநாளே ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். காப்பி போட்டேன். 11.2. ஒரு புள்ளி கூட ஏறல. அப்பதான் அந்த நம்பரையே உக்காந்து யோசிச்சேன். மொதல்லயே அதைத்தான் பண்ணியிருக்கணும், ஏன்னா அந்த நம்பர்லயே பதில் இருக்கு.

நெட்வொர்க்ல எல்லா ஸ்பீடும் செகண்டுக்கு இத்தனை மெகாபிட்னு சொல்லுவாங்க, கம்ப்யூட்டர் காப்பி பண்ணும்போது மெகாபைட்ல காட்டும், 8 பிட் சேந்தாதான் ஒரு பைட். ரெண்டையும் நாம வாயில "எம்பி"ன்னே சொல்றதால பாதி குழப்பம் அங்கயே வந்துடுது. 100 மெகாபிட் லைன்னா எட்டால வகுத்தா 12.5 மெகாபைட், அதுல ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தலைப்பு, இடைவெளின்னு கொஞ்சம் போக கைல வர்றது 11, 11 அரை. கிகாபிட் லைன்னா, அதாவது 1000 மெகாபிட்னா, 125, கைல வர்றது 110ல இருந்து 118 வரைக்கும். அதனால காப்பி ஸ்பீட் ஏறி இறங்காம 11லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னா டிஸ்க்க சந்தேகப்படவே வேணாம், எங்கயோ ஒரு இடத்துல லைன் 100 மெகாபிட்ல பேசிட்டு இருக்கு. டிஸ்க் பிரச்சனைன்னா ஸ்பீட் இப்படி நேர்கோடா நிக்காது, குதிக்கும், இறங்கும், சில நேரம் பூஜ்யத்துக்குப் போய்ட்டு வரும்.

விஷயம் என்னன்னா 100 மெகாபிட் ஈதர்நெட் 1995ல வந்தது. செம்புக் கேபிள்ல கிகாபிட் 1999லயே வந்துருச்சு. எங்க ரெண்டு மெஷினும் கிகாபிட், நடுவுல எல்லா மெஷினோட கேபிளும் வந்து சேர்ற அஞ்சு போர்ட் ஸ்விட்ச் பெட்டியும் கிகாபிட்னு டப்பாலயே போட்டிருக்கு. அப்புறம் எப்படி 100?

இங்க ஒரு சின்ன மென்பொருள் ரொம்ப உதவுச்சு, பேரு ஐபெர்ஃப்3. இலவசம்தான். ஒரு மெஷின்ல சர்வரா ஓடவிடணும், இன்னொன்னுல இருந்து அதோட ஐபி அட்ரஸ் குடுத்து கூப்பிடணும், பத்து செகண்ட் வெறும் டேட்டாவ மெமரில இருந்து மெமரிக்கு அனுப்பிப் பாத்து ஸ்பீட் சொல்லிடும். டிஸ்க்கு, ஃபோல்டர் ஷேரிங், ஆன்ட்டிவைரஸ் எதுவுமே இதுல நடுவுல வராது, லைன் மட்டும்தான். மொத தடவ ஓட்டும்போது விண்டோஸ் ஃபயர்வால் கேக்கும், அனுமதி குடுக்கணும், இல்லன்னா சும்மாவே நிக்கும். எனக்கு வந்தது 94 மெகாபிட். நல்ல கிகாபிட் லைன்ல இதே டெஸ்ட் 940க்கு மேல காட்டணும். பேங்க்ல பேலன்ஸ் பாத்த மாதிரி தெளிவா தெரிஞ்சு போச்சு, எஸ்எஸ்டிக்குக் குடுத்த காசு இந்தப் பிரச்சனைக்குக் குடுத்தது இல்லன்னு.

அடுத்தது எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணும். விண்டோஸ்ல நெட்வொர்க் அடாப்டர் ஸ்டேட்டஸ தொறந்தா ஸ்பீட்னு ஒரு வரி இருக்கும். என் மெஷின்ல 100 மெகாபிட், கீழ மாமா மெஷின்ல 1 கிகாபிட். ஸ்விட்ச் கீழதான் இருக்கு. அப்ப ஸ்விட்ச்ல இருந்து மாடிக்கு வர்ற ஒத்தக் கேபிள்தான். என் லேப்டாப்ப எடுத்துட்டுப் போய் கீழ ஸ்விட்ச்ல ஒரு சின்ன பேட்ச் கேபிள்ல மாட்டிப் பாத்தேன், 1 கிகாபிட்னு வந்துச்சு. அதே லேப்டாப்ப மாடில அந்தக் கேபிள்ல மாட்டினா 100. முடிஞ்சுது கதை.

அந்தக் கேபிள் நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போனது, ஜன்னல் வழியா வெளிய வந்து கைப்பிடிச் சுவர் மேல வெயில்ல கெடந்து மாடி ரூம் வென்டிலேட்டர் வழியா உள்ள போகும். பைப் கிடையாது ஒன்னும் கிடையாது. சென்னை வெயில்ல மேல் உறை வெளுத்து, வளைச்சா பொடிப்பொடியா உதிருது. கேபிள் டெஸ்டர் ஒன்னு பக்கத்துத் தெரு சிசிடிவி போடுற அண்ணன்கிட்ட கடன் வாங்கி ரெண்டு முனைலயும் மாட்டினேன். ஒன்னு, ரெண்டு, மூனுன்னு லைட் வரிசையா எரிஞ்சுட்டே போகும். ஏழு வரைக்கும் எரிஞ்சுது. எட்டு எரியல. மறுபடி ஒன்னுல இருந்து ஆரம்பிக்குது, ஏழு, அப்புறம் ஒரு இருட்டு.

எட்டாவது வயர் ப்ரவுன். இங்கதான் எனக்கு முழுசா புரிஞ்சுது. நெட்வொர்க் கேபிளுக்குள்ள எட்டு வயர், நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6ன்னு நாலு பின்லயே வேலை முடிஞ்சிடும், நீலமும் ப்ரவுனும் சும்மா கெடக்கும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், எட்டு வயர்ல ஒன்னு போனாலும் கிகாபிட் கிடையாது. ஆனா நெட்வொர்க் கார்டு என்ன பண்ணும்னா, "கேபிள் பழுது"ன்னு எங்கயும் சொல்லாது, இருக்குறத வச்சு 100க்கு இறங்கிடும், ஃபைல் போகும், பிரிண்டர் வேலை செய்யும், நெட்டும் வரும். எல்லாம் வேலை செய்யுறதாலதான் யாரும் கேபிள சந்தேகப்படுறதே இல்ல. நாலு வருஷமா எங்க ஸ்டுடியோல ஒரு ப்ரவுன் வயர் அறுந்து கெடந்துருக்கு, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எட்டு மணி நேரம் அதால போயிருக்கு.

முனைய வெட்டிட்டு வேற ஆர்ஜே45 க்ளிப் போட்டா போதும்னுதான் பாத்தேன், பிளேடால வயர சுரண்டினதும் அந்த எண்ணத்த விட்டுட்டேன். மேல செம்பு நிறம், உள்ள வெள்ளையா இருக்கு. அலுமினியத்து மேல செம்பு பூசின வயர். இது வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது, விலை பாதிதான், ஆனா அலுமினியம் செம்ப விட மின்தடை ஜாஸ்தி, நாலு தடவ வளைச்சா ஒடிஞ்சிடும், க்ளிப்புக்குள்ள நாள் ஆக ஆக பிடி தளரும். ப்ரவுன் போனது இன்னிக்குன்னா நாளைக்கு இன்னொன்னு.

சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்க ஒரு கடைல போய் "கேட்6, 30 மீட்டர், சுத்த செம்பு"ன்னு கேட்டேன், கேட்6ங்கறது நெட்வொர்க் கேபிளோட தரம், கடைக்காரர் ரெண்டு பெட்டி எடுத்து வச்சாரு. நான் பிளேடு இருக்கான்னு கேட்டதும் அவரே சிரிச்சுட்டு ஒரு பெட்டிய உள்ள தள்ளிட்டாரு. மிச்சம் இருந்த பெட்டில இருந்து ஒரு துண்டு வெட்டிக் குடுத்தாரு, சுரண்டினா உள்ளயும் செம்பு, லைட்டர்ல சூடு பண்ணிக் காட்டினாரு, உருகல, அலுமினியம்னா சீக்கிரம் வளைஞ்சு தொங்கிடுமாம். தூக்கிப் பாத்தாலும் தெரியும், சுத்த செம்புப் பெட்டி கனக்கும். வாங்குறப்போ கடைக்காரர்கிட்ட கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல, நேர்மையான கடைல அவங்களே காட்டுவாங்க.

கேட்5இ போதுமா கேட்6 வேணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. கிகாபிட்டுக்கு கேட்5இ 100 மீட்டர் வரைக்கும் தாராளம். நான் கேட்6 எடுத்ததுக்குக் காரணம், சுவர்ல ஒரு தடவ பைப் போட்டு இழுக்குறோம், நாளைக்கு 10 கிகாபிட் போறோம்னா கேட்6 அம்பது மீட்டர் சொச்சம் வரைக்கும் தாங்கும், மறுபடி சுவர் இடிக்க வேணாம். அதுக்கு மேல கேட்8னு எல்லாம் போட்டு விக்கிறாங்க, வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் அது தேவையே இல்ல.

க்ளிப் அடிக்கிறத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா எல்லாத் தப்பும் இங்கதான் நடக்குது. மேல் உறைய ஒரு இஞ்சு உரிச்சதும் நாலு ஜோடி முறுக்கிக்கிட்டு இருக்கும். அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியோட சிக்னல் இதுல ஏறாம காப்பாத்துறது, அதனால தேவைக்கு மேல பிரிக்கக் கூடாது, அரை இஞ்சுக்கு மேல முறுக்கு இல்லாம விட்டா வேலை கெடும். பிரிச்சு நீவி வரிசையா வைக்கணும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை ப்ரவுன், ப்ரவுன். பச்சை ஜோடிக்கு நடுவுல நீல ஜோடி வந்து உக்காரும், அத மறந்து பச்சையையும் வெள்ளைப் பச்சையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியும், ஆனா ஜோடி பிரிஞ்சு போயிருக்கும், ஸ்பீட் வராது. கட்டைவிரல்ல எட்டையும் தட்டையா அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நுனிய ஒரே வெட்டுல நேரா வெட்டி, க்ளிப்போட தங்க நிற முனை நம்மள பாக்குற மாதிரி புடிச்சு உள்ள தள்ளணும், க்ளிப்போட முன்பக்கத்துல எட்டு செம்புப் புள்ளியும் தெரியுற வரைக்கும் தள்ளணும். மேல் உறையும் க்ளிப்புக்குள்ள போயிருக்கணும், அப்பதான் கேபிள இழுத்தா இழுவை வயர் மேல விழாது, உறை மேல விழும். எனக்கு மூனு க்ளிப் வீணாச்சு, நாலாவது சரியா உக்காந்துச்சு, கிரிம்பிங் டூல் கடகடன்னு அமுங்குற அந்த சத்தம் கேட்டதும் கைக்கே தெரிஞ்சுது.

மாமாதான் பிவிசி பைப் வாங்கிட்டு வந்து சுவர்ல அடிச்சுக் குடுத்தாரு. வெயிலும் மழையும் நேரா படக்கூடாதுன்னு சொன்னதும், "அப்போ அணிலும் கடிக்காது"ன்னாரு. எங்க தெருவுல அணில் தொல்லை நிஜமாவே உண்டு.

மாடில மாட்டினேன், 1 கிகாபிட். ஐபெர்ஃப் 949. காப்பி 112 மெகாபைட். அதே 380 ஜிபிய மறுபடியும் காப்பி போட்டுப் பாத்தேன், வேணும்னே, அம்பத்தேழு நிமிஷம். ஒன்பது மணி நேரத்துக்கு மேல எடுத்த வேலை.

இதோட முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன், ஒரு வாரத்துல அடுத்தது வந்துச்சு. ஒரு பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டர மேல இருந்து கீழ அனுப்பினேன், மொத்தம் 30 ஜிபிதான், அதுல பெரிய வீடியோ எதுவும் இல்ல, ப்ரிவ்யூ ஃபைல், தம்ப்நெயில், கேஷ்னு நாப்பதாயிரம் குட்டிக் குட்டி ஃபைல். ஸ்பீட் 4, 6, 3ன்னு தள்ளாடுது. லைன் நல்லா இருக்கு, டிஸ்க் நல்லா இருக்கு, அப்புறம் என்னன்னா, ஒவ்வொரு ஃபைலுக்கும் "இந்தப் பேர்ல ஃபைல் தொற", "தொறந்தாச்சு", "எழுது", "தேதி போடு", "மூடு"ன்னு ரெண்டு மெஷினும் மாத்தி மாத்திப் பேசிக்கணும். கல்யாணப் பத்திரிகை ஐநூற ஒரே மூட்டையா கொரியர்ல போடுறதுக்கும், ஒவ்வொரு கவருக்கும் தனித்தனியா ரசீது போட்டு அனுப்புறதுக்கும் உள்ள வித்தியாசம்தான், போற பாரம் ஒன்னுதான், ரசீது போடுறதுலயே நாள் போயிடும். இதுக்கு ரெண்டு வழி எனக்கு வேலை செஞ்சுது. ஒன்னு, மூட்டையா கட்டி அனுப்புறது. ஜிப் பண்ணும்போது கம்ப்ரஷன் வேணாம், "ஸ்டோர்"னு ஒரு ஆப்ஷன் இருக்கும் அத வைக்கணும், ஏன்னா ஜேபெக்கும் வீடியோவும் ஏற்கனவே சுருக்குனதுதான், அத மறுபடி சுருக்கப் பாத்தா ப்ராசசர்தான் சூடாகும், சைஸ் குறையாது. இன்னொன்னு விண்டோஸோடவே வர்ற ரோபோகாப்பி, கட்டளை அடிச்சு காப்பி பண்றது. சாதாரண இழுத்துப் போடுற காப்பி ஒரு ஃபைல் முடிச்சுட்டுதான் அடுத்ததுக்குப் போகும், ரோபோகாப்பில /MTன்னு ஒரு ஆப்ஷன், அது குடுத்தா ஒரே நேரத்துல எட்டு ஃபைல் அனுப்பும், நம்பர் குடுத்தா 128 வரைக்கும் ஏத்தலாம். நான் 16 வச்சிருக்கேன். நடுவுல கரண்ட் போனாலும் அதே கட்டளைய திருப்பி அடிச்சா முடிஞ்சத விட்டுட்டு மிச்சத்த மட்டும் அனுப்பும், கோடை காலத்துல இந்த ஒரு காரணத்துக்காகவே அத பழகிக்கலாம். அதுலயே /Zனு ஒரு ஆப்ஷன் இருக்கு, பாதில நின்ன பெரிய ஃபைல நின்ன இடத்துல இருந்தே தொடரும், பல இடத்துல அதயும் சேத்துப் போடச் சொல்லுவாங்க, நல்ல லைன்ல அது காப்பிய மெதுவாக்கும், அதனால நான் போடுறதில்ல.

ஆன்ட்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலயும் தொறந்து பாக்குறதும் இதுல ஒரு பங்கு. அத மொத்தமா அணைச்சு வைக்கச் சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, ஊர் பென்டிரைவ் எல்லாம் வந்து போற கடை நம்முது. நான் கேமரா ஃபுட்டேஜ் மட்டும் வர்ற ஒரே ஒரு ஃபோல்டருக்கு விலக்கு குடுத்து வச்சிருக்கேன், அவ்வளவுதான்.

அப்புறம் மச்சான், மாமாவோட பையன், ஆல்பம் டிசைன் அவன்தான் பண்றான், லேப்டாப்ல, முதல் மாடி ஹால்ல. "மச்சான், உனக்கு மட்டும் 112, எனக்கு ஏன் 9"ன்னு கேட்டான். அவன் வைஃபைல இருந்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. எங்க தெருவுல வீடு வீட்டுக்கு ஒட்டி இருக்கும், 2.4ல ஒன்னு மேல ஒன்னு விழாம இருக்குற சேனல் மூனே மூனுதான், 1, 6, 11, அதுல இருபது வீட்டு ரௌட்டரும் அடிச்சுக்குது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினதும் 35 கிட்ட போச்சு. ஆனா அனுப்புற மெஷினும் வாங்குற மெஷினும் ரெண்டுமே ஒரே ரௌட்டரோட வைஃபைல இருந்தா ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவ போகணும், ஒரு தடவ ரௌட்டருக்கு, ஒரு தடவ ரௌட்டர்ல இருந்து, அதனால ஸ்பீட் பாதிக்கு வந்துடும். ஒரு பக்கமாவது கேபிள்ல இருக்கணும். அவன் லேப்டாப்ல லேன் போர்ட்டே இல்ல, யூஎஸ்பி கிகாபிட் அடாப்டர் வாங்கினோம், அதயும் அவன் மொதல்ல கருப்பு நிற யூஎஸ்பி 2 போர்ட்ல மாட்டி 30 சொச்சம்தான் வருதுன்னு சொன்னான், யூஎஸ்பி 2ன்னாலே மொத்தமே 480 மெகாபிட்தான், அதுல கிகாபிட் எப்படி நுழையும். யூஎஸ்பி 3ல மாத்தினதும் 110.

இன்னொன்னு, கஸ்டமர்ல இருந்து மாமா வரைக்கும் எல்லாரும் கேட்டது, "நெட் பிளான 300 மெகாபிட்டுக்கு ஏத்தினா இது சரியாகுமா"ன்னு. ஆகாது. வீட்டுக்குள்ள ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்குப் போறது இன்டர்நெட்டத் தொடுறதே இல்ல, பில் கட்டாம நெட்ட வெட்டினா கூட இது ஓடும். ஆனா அந்த இன்டர்நெட் பெட்டியோட பின்னாடி இருக்குற போர்ட்டுகள பாத்துக்கோங்க, பல பெட்டில எல்லா போர்ட்டும் 100 மெகாபிட்தான், சிலதுல ஒன்னு மட்டும் கிகாபிட். ரெண்டு மெஷினையும் அதுல மாட்டினா எவ்வளவு நல்ல கேபிள் போட்டும் 11தான். ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மெஷின் எல்லாத்தையும் அதுல மாட்டிட்டு, அங்க இருந்து ஒரே ஒரு கேபிள் அந்தப் பெட்டிக்குக் குடுத்தா போதும். ஸ்விட்ச் கூட வாங்க முடியாதவங்க, ரெண்டே ரெண்டு மெஷின்தான்னா, ஒரு கேபிள நேரா ரெண்டுக்கும் நடுவுல மாட்டலாம், முன்ன மாதிரி கிராஸ் கேபிள் தேவையில்ல, கிகாபிட் கார்டு தானா சரி பண்ணிக்கும், 169.254ன்னு ஆரம்பிக்கிற ஐபியும் தானா வந்துடும்.

ஜம்போ ஃப்ரேம் பத்தி நிறைய பேர் சொல்லுவாங்க, நானும் செஞ்சு பாத்தேன். சாதாரணமா ஒரு பாக்கெட் 1500 பைட், அத 9000 ஆக்குறது. கணக்கு என்னன்னா 1500ல கம்பி மேல போற 1538 பைட்டுல நம்ம டேட்டா 1460, அதாவது 95 சதவீதம். 9000 ஆக்கினா 99. ஆக கூடுறது நாலு சதவீதம், 112 மெகாபைட் 116, 117 ஆகும். அதுக்கு நெட்வொர்க்ல இருக்குற ஒவ்வொரு மெஷினும் ஸ்விட்சும் ஒரே அளவுல இருக்கணும், எங்க பிரிண்டருக்கு அது தெரியாது, ஒரு நாள் முழுக்க பிரிண்ட் பாதி பாதியா நின்னுச்சு. திருப்பி 1500க்கே வச்சுட்டேன். சின்ன ஆபீசுக்கு இது வேணாம்ங்கறது என் அபிப்பிராயம்.

இப்போ லைன் சரியானதும் டிஸ்க் வெளிய தெரிய ஆரம்பிச்சுது. பேக்கப் எடுக்குற ஒரு டிஸ்க்குல மொத கொஞ்ச நேரம் 112ல போய்ட்டு அப்புறம் 30, 25ன்னு படுத்துடுது. அது எஸ்எம்ஆர்ங்கற வகை. இடம் மிச்சம் பண்ண டிராக்குகள ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்னு மேல ஒன்னு பாதி ஏறினாப்ல எழுதுவாங்க, நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா பக்கத்து ஓடுகளையும் எடுத்து வைக்கணும் இல்லையா, அதே வேலைதான் அந்த டிஸ்க்கும் பண்ணுது. படிக்கிறதுக்குப் பரவால்ல, எழுதுறதுக்கு மெதுவு. அதனால வர்ற ஃபுட்டேஜ் எல்லாம் எஸ்எஸ்டிலதான் இறங்கும், டெலிவரி முடிஞ்ச கல்யாணம் மட்டும் ராத்திரி நேரத்துல அந்த டிஸ்க்குக்குப் போகும். ரெண்டு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தா அடுத்து 2.5 கிகாபிட் யோசிக்கலாம், 2016ல வந்த ஸ்டாண்டர்ட், இதே கேபிள்லயே ஓடும், 280 மெகாபைட் கிட்ட வரும். ஒரு பக்கம் பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும்போது அதுக்குக் காசு போடாதீங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரே கட்டிடத்துக்குள்ளன்னா செம்புக் கேபிள் சரி. எதிர் வீட்டுக்கோ பக்கத்து பில்டிங் மொட்டை மாடிக்கோ இழுக்குறீங்கன்னா செம்பு வேணாம், ஐப்பசி கார்த்திகைல இடி இடிக்கும்போது பக்கத்துல எங்கயாவது விழுந்தா கூட அந்தக் கேபிள் வழியா மின்சாரம் பாஞ்சு ரெண்டு பக்க மெஷினையும் சேத்து கொல்லும். அங்க ஃபைபர் போடுங்க, ரெண்டு முனைலயும் மீடியா கன்வெர்ட்டர்னு சின்னப் பெட்டி வச்சா போதும், கண்ணாடி இழைல மின்சாரம் போகாது.

வைகாசில ஒரே வாரத்துல நாலு கல்யாணம் வந்துச்சு. கடைசிக் கல்யாணத்தன்னிக்கு வந்ததும் மாமாவே கார்ட இறக்கி காப்பியும் போட்டுட்டு, தெருமுனைல டீ குடிச்சுட்டு எனக்கு ஒன்னு பார்சல் வாங்கிட்டு வந்தாரு. டீ ஆறுறதுக்குள்ள டீசருக்கு வேண்டிய ரெண்டு பெரிய க்ளிப்பும் மேல வந்துருச்சு, மிச்சம் வர வர நான் எடிட்ட ஆரம்பிச்சுட்டேன். ஆடில வேலை கம்மியா இருக்கும், அதுக்குள்ள மச்சான் உக்காருற முதல் மாடி ஹாலுக்கும் ஒரு லைன் இழுக்கணும். 305 மீட்டர் பெட்டியாவே வாங்கிடலாம்னு மாமா சொல்றாரு, பைப்பு இப்பவே வாங்கி மாடிப்படி கீழ சாச்சு வச்சிருக்காரு.